சங்கு ஊதிய பிறகும் நகராத ஸ்டெல்லா

அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் முதல் வேலையாக ராகிக் களி கிளறி ஆறவைத்து, தூண்டிலில் கோக்கச் சிறு உருண்டைகளாகப் பிடித்தேன். ஸ்டெல்லா விடியும்போதே தென்பெண்ணைக்குப் போயிருந்தாள். "தண்ணி அசையவே இல்லடி வசந்தி. ஈயக்குண்டு கட்டாமலே தூண்டில் போட்டிருக்கேன். மெதுவா வா" என்று கைப்பேசியில் குரல் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். நான் ஸ்கூட்டரை வெளியே தள்ளும்போது ஆற்றங்கரையில் டீக்கடை வைத்திருக்கும் முனியப்பா அழைத்தார். "அம்மா, உங்ககூட வர்றவங்கள தண்ணி இழுத்துக்கினு போயிடுச்சும்மா. டேம்ல மதகு தொறந்துட்டாங்க."

நம் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் நானும் அவளும் எதிரெதிர் மேசை. கீறல் விழுந்த பாகத்தை "லேசாத்தான் இருக்கு, விடுங்க மேடம்" என்று ஒரு மேற்பார்வையாளர் நீட்டியபோது, "உங்க வண்டி பிரேக்குல மாட்டிக்கிங்க சார், நான் கையெழுத்துப் போடறேன்" என்றாள். அவர் அந்தப் பக்கமே பிறகு வரவில்லை. இந்தத் தொழிற்சாலை மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு அந்த ஸ்டெல்லாவைத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா வேறு ஆள். முதல் முறை என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போனபோது நான் நடு நீரில் வீசினேன். சிரித்துவிட்டாள். "அங்க போட்டா உன் களி ஊத்தங்கரைக்குத்தான் போய்ச் சேரும். நுரையைப் பாருடி." எங்கள் ஆற்றில் நுரைக்குப் பஞ்சமில்லை. அது நேராக ஓடும் இடத்தில் நீர் வேகம், மீன் நிற்காது. பாறைக்குப் பின்னால் நுரை தயங்கிச் சுற்றும் இடத்தில், ஓட்டம் கொண்டுவரும் இரைக்காகக் கெண்டை காத்திருக்கும். நீர் அசையாத நாளில் மீன் எங்கும் சிதறித் திரியும். அப்போது குண்டு கட்டாமல் இரையை மிதக்க விடுவோம்.

அணை திறப்பதற்கான எச்சரிக்கைச் சங்கு ஊதினால் எல்லோரும் தூண்டிலைச் சுருட்டுவார்கள். நாங்கள் இருவரும் சுருட்டமாட்டோம். "மீனு ஓடாதுடி, ஒதுங்கும்" என்பாள். நீர் வேகமெடுக்கும் அந்தக் கொஞ்ச நேரம், நடு ஆற்று மீனெல்லாம் கரையோரப் பெரும்பாறையின் மறைவுக்கு வந்து குவியும். பெரிய ஈயக்குண்டைக் கட்டி, இரையைத் தரையோடு நிறுத்தினால் போட்டதும் கடிக்கும். "இன்னும் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு" என்று கணுக்கால் நனையும் வரை நிற்போம். பிறகு மூச்சிரைக்க மேட்டில் ஏறிச் சிரிப்போம்.

அவள் உடலை எடுத்தது மறுநாள். அடக்கத்திலேயே முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. எங்கள் பிரிவை மூடப்போவதாக அந்த வாரம்தான் அறிவித்திருந்தார்கள். "சங்கு ஊதுச்சு, நான் கத்துனேன், கைய மட்டும் ஆட்டுனாங்க. நகரவே இல்ல" என்று முனியப்பா பார்த்ததைத்தான் சொன்னார். கேட்டவர்கள் மீதியைச் சேர்த்துக்கொண்டார்கள். வேலை போகிற துக்கம், அதனால்தான் நின்றுவிட்டாள் என்று.

அவள் மகள் பெனிட்டாவுக்கு வேறு காரணம் இருந்தது. பெங்களூரில் விடுதியில் தங்கி வேலைக்குப் போவதைப் பற்றி முந்தின ராத்திரி இருவருக்கும் சண்டை. "உன்கூட இருந்தா மூச்சு முட்டுதும்மான்னு சொல்லிட்டேன் ஆண்டி. அதுக்குத்தான் போயிட்டா" என்றாள். அழவில்லை. சாப்பிடவுமில்லை. பாறை இடுக்கில் சிக்கியிருந்து திரும்பக் கிடைத்த தூண்டிலை உறையில் போட்டு என் கையில் திணித்தாள். "இது வீட்ல வேணாம். எடுத்துட்டுப் போயிடுங்க."

வீட்டுக்கு வந்துதான் உறையைப் பிரித்தேன். தூண்டில் நரம்பின் நுனியில் பெரிய ஈயக்குண்டு இருந்தது. அவளுக்கே உரிய மூன்று சுற்று முடிச்சு, இறுக்கமாக, அவசரமில்லாமல் போட்டது. காலையில் குண்டில்லாமல் போட்டவள் நீர் வேகமெடுத்த பிறகு உட்கார்ந்து அதைக் கட்டியிருக்கிறாள். சாக நினைத்தவள் குண்டு கட்டமாட்டாள். இன்னும் ஒரு மீன் வேண்டும் என்று நின்றிருக்கிறாள். அன்று நீர் எப்போதும்போல் படிப்படியாக ஏறாமல் ஒரேயடியாக வந்துவிட்டது.

துக்கத்தால் இறந்தவளுக்கு ஊர் கொஞ்சம் மரியாதை வைத்திருக்கிறது. கெண்டைக்காக இறந்தவளை "பைத்தியம்" என்பார்கள். அவள் பெயருக்கு எது நல்லது என்று பல நாள் யோசித்துக் கிடந்தேன்.

அவளிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு பார்வைதான். ஓடும் எதைப் பார்த்தாலும், ஷிப்டு முடிந்து வாயிலில் நெருக்கும் கூட்டமானாலும், அது எங்கே தயங்குகிறது என்று கண் தேடுகிறது.

இந்த மலர் உங்கள் கைக்கு வருமுன், முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், பெனிட்டாவைத் தனியே அழைத்து அந்த முடிச்சைக் காட்டப்போகிறேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உன் பேச்சுக்காக இல்லை, ஒரு மீனுக்காக நின்றாள் என்று சொல்வேன். அம்மாவின் மேல் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும்.