காயாத கஞ்சி

என் கால் வெந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. பட்டிலிருந்து பசை எடுக்கச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதித்த அண்டாவின் பக்கத்தில் நின்று, யாருக்கும் பயன்படாத ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெந்நீர் வழிந்து என் செருப்புக்குள் போனதைப் பார்த்தவள் மனைவி சரோஜா.

"இன்னாங்க, பேசிகினே நிக்கிறீங்க? கால் வேகுது."

சர்க்கரை நோய் என் பாத நரம்புகளுக்கு எப்போதோ ஓய்வு கொடுத்திருந்தது (உணர்விழப்பு: சுட்டாலும் தெரியாத நிலை). கட்டைவிரல் புண்ணானது. மருத்துவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்து நாள் பார்ப்போம் சார். ஆறலைன்னா விரலை எடுத்துடணும்."

கண்ணாடிபோல் தெளிந்த, குளிர்ந்த வில்லை ஒன்றை ஒட்டிக் கட்டினார். ஹைட்ரோஜெல் என்று பெயராம் (நீரைப் பிடித்து வைத்திருக்கும் கூழ்).

"ஈரம் இருந்தாத்தான் புண்ணு ஆறும். மூணு நாளைக்குப் பிரிக்காதீங்க."

ஈரம் என்றதும் எனக்கு நிம்மதி போயிற்று. எங்கள் நெசவுத் தெருவில் பாவு நூலை (தறியின் நெடுக்கு இழைகளை) நீட்டிக் கஞ்சி போட்டால், அடுத்த வேலை அதைக் காயவைப்பது. ஈரப் பாவு நூலைத் தறியில் ஏற்றுகிறவனை யாரும் மனிதனாக மதிப்பதில்லை. கட்டைப் பிரித்தேன், வில்லையின் மேல்தாளை உரித்தேன், மின்விசிறிக்கு முன்னால் காலை நீட்டினேன். சாயங்காலம் விரலில் ஓர் அப்பளம் ஒட்டியிருந்தது. மறுநாள் அதைப் பெருமையுடன் மருத்துவரிடம் காட்டினேன்.

அவர் அப்பளத்தின்மேல் உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி சொன்னார்.

"கஞ்சியில தண்ணி ஊத்தினா கரைஞ்சிடும். இந்த வில்லையும் நீள நீளமான இழைங்கதான். ஆனா அங்கங்க முடிச்சு இருக்குது. அதனால தண்ணியைக் குடிச்சு உப்பும், கரையாது."

"முடிச்சு யாருங்க போடறது?"

"பாலிவினைல் ஆல்கஹால்னு ஒரு தூள். அதைச் சுடுதண்ணியில கரைச்சு, உறைய வெச்சு, உருகவிட்டு, மறுபடி உறைய வெப்பாங்க. உறையறப்ப இழைங்க நெருங்கி ஒண்ணையொண்ணு புடிச்சிக்கும். மீதி முக்காலே மூணு வீசம் தண்ணிதான். அதைத்தான் நீங்க விசிறி போட்டு ஓட்டிட்டீங்க. காஞ்ச வலை சும்மா இருக்குமா? புண்ணுல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும்."

அப்பளம் மெல்ல ஊறி, உப்பி, தானாக விட்டு வந்தது. புது வில்லை ஏறியது. இந்த முறை சரோஜா விசிறியையே எடுத்து ஒளித்துவைத்தாள். பத்தாம் நாள் புண்ணின் ஓரம் ரோஜா நிறமாயிற்று. விரல் தங்கியது.

இப்போது என் காலைப்பொழுது கைக்கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்த்த பிறகுதான் விடிகிறது. வந்தவாசி, பெரணமல்லூர் மாதிரி என் பாதமும் எனக்கு வெளியூர். அங்கிருந்து செய்தி தானாக வராது, தினம் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். உங்களுக்கும் சர்க்கரை இருந்தால் இதைச் செய்யுங்கள்.

இதையே கொஞ்சம் கம்பீரமாகச் சரோஜாவிடம் சொன்னேன்.

"அதே கண்ணாடியில மூஞ்சியையும் பாருங்க," என்றாள். "சவரம் பண்ணி நாலு நாளாவுது."