ஒரே வாரத்தில் நான்கு கிலோ

என் சித்தப்பா மகனின் கடைசிப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பட்டம் 'பென்சில்'. அவ்வளவு ஒல்லி. தையல் கடையில் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்கும் வேலை. பார்சல் ஆபீஸில் மூட்டைகளை எடை போடுகிறவனுக்குக் கட்டிக்கொடுத்தோம். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்தன. "காத்தடிச்சா பறக்குற உடம்பு, அதுல பிள்ளை எங்க தங்கும்?" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

மூன்றாவது தங்கியது. கணவன் வாரா வாரம் அவளை ஆபீஸுக்குக் கூட்டிப்போய்ப் பார்சல் தராசில் ஏற்றினான். அரை கிலோ, அரை கிலோ என்று ஏறியது. கூட வேலை செய்கிறவர்கள், "சரக்கு எந்த ஊருக்குப்பா?" என்று கிண்டல் செய்தார்கள். அவளும் சிரித்தாள். எடை ஏற ஏறத்தான் அந்த வீட்டில் அவளுக்கு மரியாதையும் ஏறியது.

ஏழாம் மாதம் ஒரே வாரத்தில் நான்கு கிலோ. தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றினான். நான்கேதான். அன்று ஆபீஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தான்.

அவளுக்கு மோதிரம் கழலவில்லை. செருப்பில் கால் நுழையவில்லை. காஜா எடுக்கும்போது கண்ணில் பொறி பறந்தது. நாத்தனார் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். அந்த வீட்டுக்கு அவள்தான் டாக்டர்.

"அண்ணி, தலை பிளக்குற மாதிரி வலிக்குது. முகமெல்லாம் வீங்கிப் போச்சு."

"ஹார்மோன்டி. எல்லாம் ஹார்மோன் பண்ற வேலை. அப்படித்தான் உப்பும்."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்திரலாமா?"

மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "அடுத்த வாரம்தானே வரச் சொன்னாங்க? இளைச்சுக் கெடந்தப்பவும் குறை, தேறினாலும் குறையா?"

அன்று சாயங்காலம் கணவன் அவள் காலைப் பிடித்துவிட்டான். அழுத்திய இடத்தில் விரல் குழி அப்படியே நின்றது. "மெத்துமெத்துன்னு ஆயிட்டியே!" என்று சிரித்தான்.

நான்காம் நாள் தையல் மிஷின் மேலேயே வலிப்பு வந்து வெட்டி இழுத்து விழுந்தாள். கடைக்காரர்தான் வண்டியில் போட்டுக்கொண்டு ஓடினார். ரத்த அழுத்தம் எங்கோ ஏறிப் போயிருந்தது. வயிற்றை அறுத்து எடுத்தார்கள். ஆண் பிள்ளை. அழவில்லை.

"ஏறினது சதை இல்ல, நீர்" என்றார் டாக்டரம்மா. "தலைவலின்னு சொன்ன அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா பிள்ளை பிழைச்சிருக்கலாம்."

"எடை ஏறுச்சேம்மா..." என்றான் அவன்.

இரண்டு நாள் கழித்துத்தான் அவளுக்கு நினைவு திரும்பியது. வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாமியார் அவள் தலையைக் கோதினாள். "போகட்டும் விடும்மா. வயசிருக்கு. அடுத்தது நல்லபடியா பெத்துக்கலாம்."

"அடுத்த தடவை எனக்குத் தலை வலிச்சா யார்கிட்ட சொல்றது அத்தை?"

குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று அவன் வண்டி கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். அவள் அதில் ஏறவில்லை. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். பதினொரு வருஷம் ஆகிறது.