லண்டன் மாமனும் மலேசியா அக்காவும்

எனக்கு ஒரே அக்கா. அவளைக் கட்டிக்கொடுத்தது மலேசியாவில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு சொந்தக்காரருக்கு. அவர் அந்த நாட்டுக் குடிமகன். சில வருஷங்களில் அக்காவும் அப்படியே ஆனாள். திருச்செங்கோட்டுப் பக்கம் இருந்த எங்கள் ஊரில் இது பெருமைக்குரிய விஷயம். நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், எழுபதுகளின் கடைசியில் வடக்கே ஒரு ராணுவத் தளவாட ஆலையில் எனக்கு வேலை கிடைக்கும் வரை.

நான் வேதியியல் படித்தவன். வேலைக்கு எடுத்தாகிவிட்டது, போலீஸ் விசாரணை முடிந்தால் சேர்ந்துகொள்ளலாம். அதற்கான படிவத்தில் வெளிநாட்டில் உறவினர் உண்டா என்று கேட்டிருந்தார்கள். அப்படி யாராவது இருந்தால் வேலை போய்விடும் என்று சூரமங்கலத்தில் என்னோடு அறையில் இருந்தவன் சொன்னான். அவன் அஞ்சல் துறைத் தேர்வில் தோற்றவன். அரசாங்கத்தைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பினேன். "இல்லை" என்று எழுதினேன்.

விசாரிக்க வந்தவர் சீருடையில் வரவில்லை. வேட்டி சட்டையோடு எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து, பையன் எப்படி, குடும்பம் எப்படி, உறவுக்காரர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பொதுவாகக் கேட்டிருக்கிறார். எங்கள் பக்கம் வெளியூர்க்காரர் ஒருவர் இப்படிக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெண்வீட்டார் அனுப்பிய ஆள். கடையில் இருந்த பெரியப்பா அதைப் புரிந்துகொண்டார். அக்காளின் மளிகைக் கடையை ரப்பர் தோட்டமாக்கினார். மச்சானின் தம்பியைச் சிங்கப்பூரில் குடியேற்றினார். நாக்பூருக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் மாமனை லண்டனில் டாக்டராக்கினார். வந்தவர் தடுக்கவில்லை, இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, "நல்ல எடமாட்டத் தெரியுது சாமி. நம்மூட்டுக்கு ஏத்தாப்புலதான் சொல்லி உட்டுருக்கறேன்" என்றார்.

அடுத்த வாரம் சேலத்தில் ஒரு அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நிதானமானவர்.

"லண்டன் டாக்டர் மாமா யாரு?"

"லாரி டிரைவருங்க. நேத்துத்தான் நாக்பூர்லருந்து வந்தாரு. வெளியதாங்க நிக்கறாரு."

மாமனைக் கூப்பிட்டு ஒருமுறை பார்த்தார். லண்டன் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சிங்கப்பூரும் ரப்பர் தோட்டமும் அப்படியே கழன்றன. அக்காள் மட்டும் மிஞ்சினாள்.

"அக்காவும் பெரியப்பா கற்பனைதானா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் ரொம்பக் காலமாகத் தொடர்பில் இல்லை, அதனால்தான் எழுதவில்லை என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். அப்போது நான் போட்டிருந்த டெட்ரான் சட்டை, போன பொங்கலுக்கு அவள் கொடுத்தனுப்பியது.

வேலை கிடைத்தது. எழுதியது பொய்யாகிவிடக் கூடாதே என்று, எழுதிய பிறகு அதை உண்மையாக்கினேன். அவள் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை. மூன்று வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். எங்கள் முறையில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் உண்டு. உடன்பிறந்தவள் பக்கத்தில் இணையாக நின்று செய்ய வேண்டியது. அதற்காகவே வருகிறேன் என்று அக்காள் எழுதியிருந்தாள். ஆலையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், தொடர்பில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவள் வந்தால் என் வேலை போய்விடும் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா அவளை வர வேண்டாம் என்று எழுதினார். காரணத்தையும் எழுதினார், அவருக்கு மறைக்கத் தெரியாது. பெரியப்பா மகள் வந்து நின்று சீரைச் செய்தாள். ஆலையிலிருந்து ஒருவரும் வரவில்லை.

ஆலையில் எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு மலையாளி. அவனுக்கு இலங்கையில் அண்ணன், ஜெர்மனியில் நர்ஸாக ஒரு தங்கை. இரண்டையும் முதலிலேயே எழுதிவிட்டானாம். ஒருமுறை கூப்பிட்டுப் பேசினார்கள், அவ்வளவுதான் என்றான். இருப்பதைச் சொல்பவனிடம் அவர்களுக்குச் சிக்கல் இல்லையாம், மறைப்பவன்தான் நாளைக்கு எவனுக்காவது பயந்து நடப்பானாம். பிறகு என்னிடம் கேட்டான், உனக்கு யாராவது இருக்கிறார்களா என்று. இல்லை என்றேன்.

பணிக்காலம் முழுவதும் நாட்டுக்காக நான் காத்த ரகசியம், வெடிபொருள் பெட்டிகளுக்கு அடிக்கும் பச்சைப் பெயின்ட் எத்தனை வெயிலுக்கு உரியும் என்பது.

எண்பதுகளின் நடுவில் அம்மா இறந்தபோது அக்காள் வந்தாள். காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு, என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்கும் உனக்கும் ஒறவே இல்லீன்னு எழுதிக் குடுத்துட்டயாமா?"

"ஒறவு இல்லைன்னு எழுதலீக்கா. தொடர்பு இல்லைன்னுதான் எழுதுனேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் சாமி?"

விளக்கினேன். சட்டப்படி அந்த விளக்கம் சரியானது. அவள் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டாள். "செரி, சாப்புட வா" என்று எழுந்து போனாள்.

அவள் மகளின் கல்யாணம் அங்கேயே நடந்தது. நடந்த பிறகுதான் பெரியப்பா மகள் மூலம் எனக்குத் தெரிந்தது. தாய்மாமன் சீரை யார் செய்தார்கள் என்று விசாரித்தேன். பக்கத்துக் கடைக்காரராம், நல்ல மனுஷராம்.