மூக்கு அடைத்த நாளில் வைத்த ரசம்

கொத்தமல்லியையும், மீ சூப் என்ற நூடுல்ஸ் சூப்பில் தூவும் டாவுன் சூப் இலையையும் எனக்குப் பார்த்துப் பிரிக்கத் தெரியாது. கிள்ளி முகர்ந்துதான் வாங்குவேன். போன வாரம் சளியில் மூக்கு அடைத்துவிட்டது. மிளகு ரசம் வைக்கலாமென்று சுங்கை பினாங் பசாரில் கொத்தமல்லி என நினைத்து ஒரு கட்டு எடுத்தேன். தண்டு தடிப்பாக, இலை விறைப்பாக இருந்தது. புதுசு போல என்று பூரித்துப்போனேன்!

வீட்டில் ரசம் நுரைத்ததும் இலையைத் தூவி, ஆவியில் முகத்தைக் காட்டினேன். நான்கு நாளாய் அடைத்திருந்த மூக்கு சட்டென்று திறந்தது. குப்பென்று மீ சூப் வாசம்!

“என்னங்க, ஓடி வாங்க! மூக்கு தொறந்திருச்சு!”

“நெசமாவா லா?” என்றார் கணவர்.

“நெசமாத்தாங்க! எலைய மாத்திப் போட்டுட்டேன், நல்லாவே தெரியுது!”