செண்டுப்பூ உதாரணம்

நிக்காந்த்ரோ அர்ரியோகாவும் நானும் ஹலாபா பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில், எதிரெதிர் மேசையில், இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தோம். இருவருக்கும் தத்துவம்தான் பிழைப்பு. எதனால் எது நடந்தது, அது நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், ஒரே வாக்கியம் கேட்கிற ஆளுக்கு ஏற்ப எப்படிப் பொருள் மாறுகிறது, இதுதான் அவனுடைய ஆராய்ச்சி. பஸ் தாமதமானால் மற்றவர்கள் டிரைவரைத் திட்டுவார்கள். அவன் மட்டும் காரணம் டிரைவரா, மழையா, பஸ்ஸை நம்பி வந்த நாமா என்று ஆரம்பித்துவிடுவான். பக்கத்தில் நிற்பவர்கள் மெல்ல நகர்ந்துபோவார்கள். நல்லவன், பெரிய பெயர் எடுக்காதவன். பொய் மட்டும் சொல்ல மாட்டான். அதை நான் வெகுநாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் துறையில் வியாழக்கிழமை மாலைதோறும் கூட்டம் நடக்கும். ஒருவர் கட்டுரை படிப்பார், மற்றவர்கள் அவரைப் பிடித்து உலுக்கி எடுப்போம். வெளிநாட்டுப் புத்தகத்தில் இருக்கிற உதாரணத்தை அங்கே கொண்டுவரக் கூடாது. சொந்த வீட்டிலோ தெருவிலோ நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். பிறகு வாதத்துக்குத் தேவையில்லாத ஆளையும் பொருளையும் அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். இதற்குக் கழுவுவது என்று பெயர் வைத்திருந்தோம். நன்றாகக் கழுவியிருக்கிறாய் என்று யாராவது சொல்லிவிட்டால் ஒரு வாரத்துக்குத் தலைகால் புரியாது.

கூட்டத்துக்குத் தமால் கொண்டுவருபவள் அவனுடைய தங்கை எர்மீனியா. சந்தைக்குப் பின்னால் சின்னதாகச் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள். மக்காச்சோள மாவை வாழையிலையில் பொதிந்து அவித்ததைச் சூடு ஆறாமல் கூடையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, முடிகிறவரை சுவரோரமாக நின்று கேட்பாள். இவ்வளவு படித்தும் ஒரு முடிவுக்கு வர மாட்டீர்களா என்று எங்களைக் கிண்டல் செய்தபடியே பரிமாறுவாள்.

இவர்களுக்கு இளையவன் ஃபெர்மின், எலக்ட்ரீஷியன். செத்தவர்களுக்குப் படையல் வைக்கிற இறந்தோர் நாளுக்கு முந்தின நாள் அம்மாவின் படத்துக்கு வைக்கச் செண்டுப்பூ கிடைக்கவில்லை. ஹலாபா சந்தையில் காலையிலேயே தீர்ந்துவிட்டது. பக்கத்து ஊரான கோவாத்தெபெக் போய் இரண்டு கட்டு வாங்கி வரச் சொல்லி எர்மீனியா ஃபெர்மினுக்குப் போன் செய்தாள். திரும்பி வரும்போது சாலை முழுக்கப் பனிமூட்டம். வளைவில் விளக்குப் போடாமல் வந்த லாரி அவன் மேல் ஏறிவிட்டது. அவனுக்கு முப்பத்துநாலு வயது.

சவம் கிடத்தியிருந்த வீட்டில் எர்மீனியா வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். விதி என்றார்கள், கடவுள் அழைத்துக்கொண்டார் என்றார்கள். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில் அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"இதையே உட்கார்ந்து படிச்சவன் நீ ஒருத்தன்தான் நிக்கோ. நீ சொல்லு. நான் கூப்பிடாம இருந்திருந்தா அவன் உயிரோட இருந்திருப்பான்தானே?"

அவன் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தான். "யோசிச்சுச் சொல்றேன்" என்றான்.

மடையன். அழுகிற தங்கையிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா? அவன் சொன்னான். சொன்னபடி யோசிக்கவும் செய்தான், பதினாலு மாதம்.

யோசித்தது கட்டுரையாக வந்தது. ஒரு பெண் பூ வாங்கி வரச் சொல்லித் தம்பிக்குப் போன் செய்கிறாள். பனிமூட்டம். லாரி. தம்பி இறக்கிறான். போலீஸ்காரர் காரணம் கேட்டால் லாரியைச் சொல்வோம், சாலை போட்டவர் கேட்டால் வளைவைச் சொல்வோம், அந்தப் பெண் தன்னையே கேட்டுக்கொண்டால் போன் என்பாள். காரணம் என்ற சொல் கேட்கிறவரோடு சேர்ந்து நகர்கிறது. ஆனால் அவள் கூப்பிடாமல் இருந்திருந்தால் அவன் இருந்திருப்பான் என்பது எல்லா இடத்திலும் உண்மையாகவே நிற்கிறது. உண்மையாக இருந்தும் அதிலிருந்து குற்றம் பிறப்பதில்லை என்று கடைசிப் பக்கத்தில் காட்டியிருந்தான். தங்கைக்குச் சொல்ல நினைத்த ஆறுதல் முழுவதும் அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது.

அதை அவன் வியாழக்கிழமைக் கூட்டத்தில் படித்தான். எர்மீனியா வழக்கம்போலச் சுவரோரம் நின்றிருந்தாள். அவள் நிற்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. பாதியிலேயே மறித்தேன்.

"சுத்தி வளைக்காதே. அவ கூப்பிடாம இருந்திருந்தா அவன் இருந்திருப்பான்கிறது உண்மையா, பொய்யா?"

"உண்மை" என்றான். "ஆனா..."

அதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள். கூடை நாற்காலியிலேயே இருந்தது. அவன் கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்தான், நாங்கள் பாராட்டினோம், அவள் கொண்டுவந்த தமாலைப் பிரித்துச் சாப்பிட்டோம். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அடுத்த வாரத்திலிருந்து கடையில் வேலை செய்கிற பெண்தான் கூடையைக் கொண்டுவந்தாள். எர்மீனியா வீட்டில் போனே வேண்டாமென்று இணைப்பைத் துண்டித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். நிக்காந்த்ரோ ஞாயிறுதோறும் அவள் கடைக்குப் போவான். ஊற்றிய சூப்பின் மேல் இன்னொரு கரண்டி ஊற்றுவாள், மக்காச்சோளம் விற்கிற விலையைப் பேசுவாள். ஒருநாள் அந்தக் கடைசிப் பக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினானாம். அவள் தலை நிமிராமல் பயறு உரித்துக்கொண்டிருந்தாளாம். இப்படியே பதினோரு வருடம் போனது. இதற்கிடையில் அந்தக் கட்டுரை பரவிவிட்டது. செண்டுப்பூ உதாரணம் என்று பெயர் வைத்துப் பல ஊர்களில் பாடம் நடத்தினார்கள். அவன் எழுதியதில் நாலு பேர் படித்தது அது ஒன்றுதான்.

பிறகு எர்மீனியாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. இனி நாள் அதிகமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று நான்தான் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அவள் தெளிவாகத்தான் இருந்தாள். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. ஒரு சாட்சி வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ.

"எர்மீனியா, அன்னைக்கு நீ முதல்ல என்னைத்தான் கூப்பிட்டே. எழுதிட்டிருக்கேன், ஃபெர்மின்கிட்ட கேளுன்னு சொன்னது நான்."

எதிர்மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கே இத்தனை வருடமாக இது தெரியாது.

"தெரியாதா எனக்கு?" என்றாள். "அந்த வியாழக்கிழமை நீ அதைச் சொல்லுவேன்னுதான் நின்னுக்கிட்டு இருந்தேன்."

கட்டுரை என்றால் அப்படித்தான், உதாரணத்தில் தேவையில்லாத ஆளை எடுத்துவிடுவது எங்கள் வழக்கம் என்று என்னைப் பார்த்தபடியே அவளிடம் சொன்னான். நான் தரையைப் பார்த்தேன்.

"என்னை மட்டும் விட்டுவெச்சே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு தண்ணீர் கேட்டாள், அவன் கொடுத்தான். திங்கட்கிழமை அவள் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்த வாரமே அவன் அந்தக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்குக் கடிதம் எழுதினான். அந்தப் பெண் முதலில் தன் அண்ணனைக் கூப்பிட்டாள், அவன் தட்டிக்கழித்தான் என்ற ஒரே ஒரு வாக்கியத்தை உதாரணத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தான். இதைச் சேர்த்தால் வாதம் ஏதும் மாறுகிறதா என்று ஆசிரியர் குழு மரியாதையாகக் கேட்டு எழுதியது. இரண்டு நாள் அந்தக் கடிதத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள், மாறவில்லை என்று பதில் எழுதினான். அவர்கள் சேர்க்கவில்லை.