நோயாளி மேல் விரித்த பனியன்

மலைக்கிராமங்களில் மருத்துவ முகாம் நடத்தப் பணம் திரட்டுவதற்காக, எங்கள் பனியன் கம்பெனி உடுமலைக்கு மேலே ஒரு நடைப்பயணம் ஏற்பாடு செய்தது. பேக்கிங் பிரிவிலிருந்து நானும் போனேன்.

பாதி வழியில், எதிரே நான்கு பேர் கம்பில் கட்டிய போர்வைத் தொட்டிலைச் சுமந்து இறங்கி வந்தார்கள். உள்ளே ஒரு பெண் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள்.

எங்கள் மேனேஜருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "ஒரே ஒரு போட்டோங்க, கொஞ்சம் நில்லுங்க."

"உடம்பு கொதிக்குதுங்க சாமி, உடுங்க போறோம்" என்று கெஞ்சினார் முன்னால் சுமந்துவந்த அவள் புருஷன்.

"உங்களுக்காகத்தானுங்க நாங்க நடக்கறதே!"

மேனேஜர் புதுப் பனியன் ஒன்றைப் பிரித்து, கவரை என்னிடம் கொடுத்துவிட்டு, கம்பெனி பெயர் தெரியும்படி அவள் மேல் விரித்தார். வெளிச்சம் போதவில்லை என்று தொட்டிலையே திருப்பி நிறுத்தச் சொன்னார். படம் எடுத்து முடித்ததும், "பனியனை எடுத்துக்க கண்ணு, ஆர்டர் குடுக்கற பையருக்கு அனுப்பற சாம்பிள் அது" என்றார்.

எடுத்தேன். அவள் காய்ச்சல் சூடு அதில் அப்படியே இருந்தது. சுருக்கம் நீவி, மடித்து, கவரில் போட்டேன்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதன் ஓரத்தில், காலிக் கவரைப் பிடித்தபடி நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.