கண்ணூறுக்கு மாட்டிய நடிகர்

ஜப்பான்காரரும் எங்களைப்போலக் கண்ணூறு பார்ப்பவர்கள் என்றுதான் முதலில் நம்பினேன்.

மவுண்ட் ரோஸ்கில்லில் நாங்கள் வீடு வாங்கிக் குடிபுகுந்த குளிர்காலம் அது. பக்கத்து வீட்டு ஜப்பானியப் பெண்மணி, தன் கூரையை மாற்றி முடிக்குமட்டும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி, கண்ணாடிச் சட்டம் போட்ட படமொன்றைத் தந்தார். சுண்ணாம்பு வெள்ளை முகம், மூக்கைப் பார்த்துச் செருகிய கண்கள், கோணிய வாய். ஊரில் புதுவீட்டு வாசலில் கட்டுகிற பொம்மையேதான்! கூரையெல்லாம் சாட்டு, புதுவீட்டுக் குடிபூரல் பரிசென்று சொல்லக் கூச்சப்படுகிறார் என்று முடிவுகட்டி, வாசற்கதவுக்கு மேலே வெளிப்பக்கமாய் மாட்டினேன்.

"இஞ்சாருங்கோ, இதுக்கேன் ஒரு படம்? நீங்கள் வாசலில நிண்டாலே காணுமே," என்றாள் மனைவி.

கூரை வேலை முடிய ஒரு நாள் இருக்கும்போது, யுனிவர்சிட்டியிலிருந்து வந்த மகள் வாசலிலேயே நின்று ஆங்கிலத்தில் கத்தினாள்: "டாட்! இது கபுகி நாடக நடிகர். மரத்தில செதுக்கி அச்சடிச்ச பழைய படம். வெயில் பட்டால் நிறம் போயிடும்!"

கழற்றி மேசையில் கிடத்தினேன். அங்கி மண்ணிறமாய் இருந்தது. தந்தபோது அது ஊதா என்று கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணவும் தயாராய் இருந்தேன். நாளைக்கு அந்த மனுசியின் முகத்தில் எப்படி முழிப்பது? மகளின் ஊதாப் பேனாவைத் தேடியெடுத்து, சட்டத்தின் ஆணிகளையும் கழற்றிவிட்டேன்.

அப்போதுதான் அந்த நெற்றியைக் கிட்டத்தில் பார்த்தேன். முடி தொடங்குகிற இடத்தில் ஒவ்வொரு மயிரும் தனித்தனிக் கோடு. அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு, சுற்றியுள்ள மரத்தையெல்லாம் ஒருவர் செதுக்கி எடுத்திருக்கிறார். மூச்சு விட்டாரோ தெரியாது. கண் செருகியிருப்பதும் கோபத்தாலல்ல, காட்சியின் உச்சத்தில் நடிகர் அப்படியே உறைந்து நிற்கிற கணமாம், மகள் சொன்னாள். சனத்தின் ஆரவாரம் தாளுக்குள்ளிருந்து கேட்குமாப்போல் இருந்தது. பேனாவை மூடினேன். நான் தொடுகிற சாமானில்லை அது.

படத்தைக் கட்டிப்பிடித்தபடி பக்கத்து வீட்டுக்குப் போய், பேனா உட்பட எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் தன் கைபேசியில் முன்பு எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினார். அங்கி அதிலும் மண்ணிறம்தான். ஊதா இருந்தது உண்மை, ஆனால் நாங்கள் யாரும் பிறக்கமுன்பே போய்விட்டதாம். பிறகு எங்கள் வாசலை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

பூமியின் தென்கோடியில் கிடக்கிற இந்த நாட்டில் வெயில் வடக்கால் வரும். எங்கள் வாசல் தெற்குப் பார்த்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கே வெயிலே விழவில்லை.